ஹெச்.ஆர். பாடத்தில் வரும் 'கிரி அணுகுமுறை'... யார் இந்த வி.வி.கிரி? மத்திய அமைச்சர் பதவியை ஏன் தூக்கி எறிந்தார்?

பிளஸ் டூ ரிசல்ட் வந்ததும் திருவண்ணாமலை மாவட்டம் ஆரணியில் பல வீடுகளில் எழும் கேள்வி ஒன்றுதான். அடுத்து என்ன படிக்க வைக்கலாம்? அப்பா பட்டுத்தறியில் உட்கார்ந்திருப்பார், அம்மா தார் சுற்றிக்கொண்டிருப்பார். பிள்ளையாவது ஆபீஸ் வேலைக்குப் போகட்டும் என்று நினைக்கிற குடும்பங்கள் விசாரிக்கிற படிப்புகளில் பி.பி.ஏ.வும் ஒன்று. மேலாண்மையும் மனிதவளமும் சேர்த்துச் சொல்லித்தரும் மூன்று வருட இளநிலைப் பட்டம். 2024-25 கல்வியாண்டு முதல் இந்தப் படிப்பும் ஏ.ஐ.சி.டி.இ. அனுமதியின் கீழ் வந்துவிட்டது. பக்கத்தில் செய்யாறு சிப்காட், கொஞ்சம் தள்ளி ராணிப்பேட்டை, ஸ்ரீபெரும்புதூர் என்று தொழிற்சாலைகள் இருப்பதால், ஹெச்.ஆர். படித்தால் வேலை கிடைக்கும் என்ற நம்பிக்கையும் இருக்கிறது.

இந்தப் படிப்பில் தொழில் உறவுகள் என்று ஒரு பாடம் வரும். அதில் 'கிரி அணுகுமுறை' என்று ஒரு தலைப்பு. பல மாணவர்கள் பத்து மார்க்குக்கு மனப்பாடம் செய்துவிட்டுக் கடந்துபோய்விடுவார்கள். அந்தக் கிரி, இந்தியாவின் நான்காவது குடியரசுத் தலைவர் வி.வி.கிரிதான். ராஷ்டிரபதி பவனுக்குப் போவதற்கு வெகுகாலம் முன்பே ரயில்வே தொழிலாளர்களுக்காக ஸ்டிரைக் நடத்தியவர், வேலூர் சிறையில் இருந்தவர், சொன்ன கொள்கைக்காக மத்திய அமைச்சர் பதவியை விட்டவர். அவர் வாழ்க்கையில் சறுக்கல்களும் உண்டு. அதையும் சேர்த்துத் தெரிந்துகொண்டால்தான் அந்தப் பத்து மார்க் கேள்விக்கு அர்த்தம் புரியும்.

டப்ளினில் என்ன நடந்தது?

வராககிரி வெங்கட கிரி பிறந்தது 1894 ஆகஸ்ட் 10. ஊர் பெர்ஹாம்பூர். இப்போது அது ஒடிசாவில் இருக்கிறது. அப்போது சென்னை மாகாணத்தின் கஞ்சம் மாவட்டம். தெலுங்கு பேசும் குடும்பம். அப்பா ஜோகய்யா பந்துலு வக்கீல். மகனும் வக்கீல் ஆக வேண்டும் என்பதுதான் வீட்டில் போட்ட கணக்கு.

அந்தக் காலத்தில் வசதியுள்ள வீட்டுப் பிள்ளைகள் சட்டம் படிக்க லண்டன் போவார்கள். கிரி போனது அயர்லாந்தின் டப்ளினுக்கு. வருடம் 1913. அவர் போய் இறங்கிய அந்த வருடத்தில்தான் டப்ளினில் பெரிய கதவடைப்பு நடந்தது. சங்கத்தில் சேர்ந்த தொழிலாளர்களுக்கு வேலை கிடையாது என்று முதலாளிகள் ஒன்றாகச் சேர்ந்து கதவைச் சாத்தினார்கள். ஆயிரக்கணக்கான குடும்பங்கள் மாதக்கணக்கில் பட்டினி கிடந்தன. ஜேம்ஸ் லார்கின், ஜேம்ஸ் கானலி ஆகியோர் அந்தப் போராட்டத்தின் தலைவர்கள்.

பத்தொன்பது வயதுப் பையன் கண்ணெதிரே பார்த்தது அதைத்தான். சட்டப் புத்தகத்தோடு அயர்லாந்து விடுதலை அரசியலும் தொழிற்சங்க அரசியலும் அவருக்குள் இறங்கின. 1916 ஈஸ்டர் எழுச்சியை ஆங்கிலேய அரசு நசுக்கியது. கானலி சுட்டுக்கொல்லப்பட்டார். சந்தேகப் பட்டியலில் கிரியின் பெயரும் இருந்தது. வக்கீல் பட்டம் கையில் கிடைத்த கையோடு நாட்டை விட்டுக் கிளம்பச் சொல்லிவிட்டார்கள்.

ஊர் திரும்பியவர் சென்னை உயர் நீதிமன்றத்தில் வக்கீலாகப் பதிவு செய்துகொண்டார். தொழில் நன்றாகவே போனது. காந்தியின் ஒத்துழையாமை இயக்கம் வந்ததும் அதை விட்டுவிட்டார். 1922இல் சாராயக் கடை ஏலத்துக்கு எதிரான மறியலில் முதல் சிறைவாசம்.

ரயில்வே தொழிலாளர்களிடம் வந்தது எப்படி?

கிரியின் சொந்த ஊர்ப் பக்கம் ஓடிக்கொண்டிருந்தது பெங்கால் நாக்பூர் ரயில்வே. தனியார் கம்பெனி. அதன் தொழிலாளர்களுக்குச் சங்கம் கட்டியதுதான் கிரியின் முதல் பெரிய வேலை. 1920களில் உருவான அகில இந்திய ரயில்வே தொழிலாளர் சம்மேளனத்தின் நிறுவனர்களிலும் அவர் ஒருவர். இந்தச் சம்மேளனத்தின் பெயரை நினைவில் வைத்துக்கொள்ளுங்கள். ஐம்பது வருடம் கழித்து அது கிரியின் வாசலுக்கே வரும்.

1920களின் கடைசியில் கம்பெனி ஆட்குறைப்பில் இறங்கியது. காரக்பூர் பணிமனைத் தொழிலாளர்கள் வேலைநிறுத்தம் செய்தார்கள். தலைமை கிரி. வன்முறை இல்லாமல் நடந்த அந்தப் போராட்டத்தில் கம்பெனியும் அரசும் இறங்கி வந்து பேச வேண்டியதாயிற்று. ஆளைத் திரட்டு, உறுதியாக நில், ஆனால் பேச்சுவார்த்தைக் கதவை மூடாதே. கிரி பிற்காலத்தில் புத்தகமாகவும் கொள்கையாகவும் எழுதியதெல்லாம் இதன் விரிவாக்கம்தான்.

1926இல் ஏ.ஐ.டி.யு.சி. தலைவர் ஆனார். 1927இல் ஜெனிவாவில் நடந்த சர்வதேசத் தொழிலாளர் மாநாட்டுக்கு இந்தியத் தொழிலாளர் பிரதிநிதியாகப் போனார். 1931இல் லண்டனில் நடந்த இரண்டாவது வட்டமேசை மாநாட்டிலும் தொழிலாளர் தரப்பில் உட்கார்ந்தார்.

ஹெச்.ஆர். வேலைக்கும் இந்தக் கதைக்கும் என்ன சம்பந்தம்?

நேரடி சம்பந்தம் உண்டு. 1929இல் பிரிட்டிஷ் அரசு, ஜே.ஹெச். விட்லி தலைமையில் தொழிலாளர் நிலையை ஆராய ராயல் கமிஷன் அமைத்தது. வெள்ளைக்காரன் போட்ட கமிஷனைப் புறக்கணிக்க வேண்டுமா, அதன் முன்னால் போய்ப் பேச வேண்டுமா? இந்தக் கேள்வியில் ஏ.ஐ.டி.யு.சி. நாக்பூர் மாநாட்டில் உடைந்தது. பேசலாம் என்ற என்.எம்.ஜோஷியும் கிரியும் வெளியேறித் தனிக் கூட்டமைப்பு தொடங்கினார்கள். மிதவாதிகள் என்ற பழியும் கூடவே வந்தது.

1931இல் கமிஷன் அறிக்கை வந்தது. அப்போதெல்லாம் மில்களில் ஆள் எடுப்பது, நிறுத்துவது எல்லாம் மேஸ்திரி கையில். அவருக்கு மாமூல் கொடுத்தால்தான் வேலை, கொடுக்காவிட்டால் நாளைக்கு வராதே. இந்த அதிகாரத்தை மேஸ்திரியிடமிருந்து எடுத்து, தனியாக ஒரு தொழிலாளர் அலுவலரிடம் கொடுங்கள் என்றது அறிக்கை. இன்றைக்குக் கம்பெனியில் ஹெச்.ஆர். என்று ஏசி ரூமில் உட்கார்ந்திருக்கும் பதவிக்கு இந்தியாவில் மூதாதை அந்தத் தொழிலாளர் அலுவலர்தான். 1936இல் பம்பாயில் டாடா அறக்கட்டளை சமூகப் பணிக்கான கல்லூரி தொடங்கியது. 1948 தொழிற்சாலைச் சட்டம், 500 பேருக்கு மேல் வேலை செய்யும் இடத்தில் நல அலுவலர் கட்டாயம் என்றது. புதிய சட்டத் தொகுப்பில் அந்த வரம்பு 250 ஆகக் குறைந்திருக்கிறது. ஆக, ஹெச்.ஆர். என்ற வேலை நம் நாட்டுக்கு எம்.பி.ஏ. புத்தகம் வழியாக மட்டும் வந்ததில்லை. மில் கேட்டில் நடந்த சண்டை வழியாகவும் வந்தது.

வேலூர் சிறையும் கொழும்பு நாட்களும்

1937 தேர்தலில் சென்னை மாகாணத்தின் அன்றைய பிரதமர் பொப்பிலி ராஜாவை அவருடைய சொந்த மண்ணிலேயே தோற்கடித்தார் கிரி. ராஜாஜி அமைச்சரவையில் தொழிலாளர் நலன், தொழில்துறை அமைச்சர் பதவி கிடைத்தது. அப்போது வட ஆற்காடு மாவட்டத்தில் இருந்த ஆரணியும் அவர் துறையின் எல்லைக்குள்தான். போர் வந்ததும் காங்கிரஸ் அமைச்சரவைகள் ராஜினாமா செய்தன. மறுபடி சங்கம், மறுபடி சிறை. 1942 வெள்ளையனே வெளியேறு இயக்கத்தில் கைதானவர் வேலூர், அமராவதி சிறைகளில் மூன்று வருடம் கழித்தார். அவர் அனுபவித்த நீண்ட சிறைவாசம் இதுதான்.

1947இல் சுதந்திர இந்தியாவின் முதல் தூதராக இலங்கைக்குப் போனார். தொழிலாளர்களுக்காகவே வாழ்ந்த ஒருவர் கொழும்பில் இருந்தபோதுதான், 1948இல் இலங்கை குடியுரிமைச் சட்டம் வந்தது. மலையகத் தேயிலைத் தோட்டங்களில் உழைத்த லட்சக்கணக்கான தமிழர்கள் ஒரே சட்டத்தில் நாடற்றவர்கள் ஆனார்கள். அடுத்த வருடம் ஓட்டுரிமையும் போனது. தூதராக கிரியால் அதைத் தடுக்க முடியவில்லை. அது டெல்லியும் கொழும்பும் தீர்க்க வேண்டிய விஷயம் என்று சொல்லலாம்தான். ஆனாலும் கிரியின் வாழ்க்கையைப் புகழ்ந்து எழுதுகிறவர்கள் இந்தப் பக்கத்தை வேகமாகப் புரட்டிவிடுகிறார்கள்.

'கிரி அணுகுமுறை' என்றால் என்ன?

1952. முதல் பொதுத்தேர்தல் முடிந்து நேரு அமைச்சரவையில் கிரி தொழிலாளர் துறை அமைச்சர். அப்போது நடைமுறையில் இருந்தது 1947ஆம் வருட தொழில் தகராறுச் சட்டம். தொழிலாளிக்கும் நிர்வாகத்துக்கும் தகராறு வந்தால் முதலில் அரசு அதிகாரி சமரசம் பேசுவார். ஒத்துவரவில்லை என்றால் அரசே வழக்கைத் தீர்ப்பாயத்துக்கு அனுப்பும். தீர்ப்பு இரண்டு தரப்பையும் கட்டுப்படுத்தும். இதற்குக் கட்டாயத் தீர்ப்பு முறை என்று பெயர்.

தொழிலாளிக்கு நல்லதுதானே, இதில் என்ன பிரச்சினை என்று தோன்றும். கிரிக்கு இதில்தான் பிரச்சினை இருந்தது.

அவர் வாதம் இப்படிப் போகிறது. வழக்கு தீர்ப்பாயத்துக்குப் போனால் வருடக்கணக்கில் இழுக்கும். அதுவரை இரண்டு தரப்பும் ஒருவரை ஒருவர் எதிரியாகப் பார்க்கும். தீர்ப்பில் ஒருவர் ஜெயிப்பார், ஒருவர் தோற்பார். மறுநாள் காலையில் அந்த இரண்டு பேரும் அதே மில்லில்தான் சேர்ந்து வேலை செய்தாக வேண்டும். மனக்கசப்பு போகாது. அதைவிட முக்கியமான ஒன்று. எப்படியும் கோர்ட் பார்த்துக்கொள்ளும் என்று ஆகிவிட்டால் சங்கத்துக்கு ஆள் சேர்க்க வேண்டிய அவசியமே இருக்காது. சங்கத் தலைவர் தொழிலாளியிடம் போவதற்குப் பதில் வக்கீலிடம் போவார். நிர்வாகமும் நேரில் பேசும் பழக்கத்தையே மறந்துவிடும்.

அதனால் கிரி சொன்ன வழி, முதலில் இரண்டு தரப்பும் நேருக்கு நேர் உட்கார்ந்து கூட்டுப் பேரம் பேச வேண்டும். முடியவில்லை என்றால் இருவரும் ஒப்புக்கொள்ளும் ஒரு நடுவரிடம் தாங்களாகவே போக வேண்டும். தீர்ப்பாயம் என்பது வேறு வழியே இல்லாதபோது கடைசிப் புகலிடம். அரசு தள்ளி நிற்க வேண்டும். இதுதான் 'கிரி அணுகுமுறை'. 1952 அக்டோபரில் நைனிடாலில் நடந்த இந்தியத் தொழிலாளர் மாநாட்டில் இது பெரிய விவாதமானது.

எதிர்ப்பு எங்கிருந்து வந்தது தெரியுமா? முதலாளிகளிடமிருந்து மட்டுமில்லை, தொழிற்சங்கங்களிடமிருந்தும்தான். காரணம் புரிந்துகொள்ளக் கூடியதுதான். பேரம் பேச இரண்டு பக்கமும் பலம் வேண்டும். அன்றைய சங்கங்கள் பல துண்டாகச் சிதறிக் கிடந்தன, கையில் நிதியும் இல்லை. நாலு நாள் வேலைநிறுத்தம் செய்தால் அடுப்பு எரியாது. சங்கத்தை அங்கீகரித்தே ஆக வேண்டும் என்று நிர்வாகத்தைக் கட்டாயப்படுத்தும் சட்டமும் மத்திய அளவில் நடைமுறையில் இல்லை. 1947இல் அப்படி ஒரு திருத்தம் நிறைவேற்றப்பட்டது, ஆனால் அமலுக்கே வரவில்லை. இந்த நிலையில் தீர்ப்பாயத்தையும் எடுத்துவிட்டால் எங்களுக்கு என்ன மிச்சம் என்று அவர்கள் கேட்டதில் நியாயம் இருந்தது. காரக்பூரில் தன் சங்கத்துக்கு இருந்த பலம் எல்லாச் சங்கத்துக்கும் இருக்கும் என்று கிரி கொஞ்சம் அதிகமாகவே நம்பிவிட்டார். அவர் திட்டம் சட்டமாக ஆகவில்லை.

ராஜினாமா ஏன்?

இங்கேதான் கதையில் ஒரு திருப்பம். வங்கி ஊழியர்களின் சம்பளத் தகராறு அந்த நேரத்தில் பெரிய விவகாரம். சாஸ்திரி தீர்ப்பாயம் 1953இல் தீர்ப்பு சொன்னது. பழைய வங்கி ஊழியர்களிடம் கேட்டால் 'சாஸ்திரி அவார்டு' என்று இன்றைக்கும் சொல்வார்கள். அதன்மேல் மேல்முறையீடு போய், 1954இல் தொழிலாளர் மேல்முறையீட்டுத் தீர்ப்பாயம் முடிவு சொன்னது. ஆகஸ்ட் மாதம் மத்திய அரசு அந்த முடிவில் கை வைத்தது. ஊழியர்களுக்குக் கிடைத்திருந்ததைக் குறைத்துத் திருத்தியது. சின்ன வங்கிகளால் இவ்வளவு சம்பளம் தாங்க முடியாது என்பது அரசுத் தரப்பின் கவலை.

கிரி ராஜினாமா செய்தார்.

தீர்ப்பாயமே வேண்டாம் என்று சொன்ன மனிதர், தீர்ப்பாயத்தின் முடிவை அரசு மாற்றியதற்காகப் பதவியை விடுகிறாரே என்று அப்போதே பலருக்குக் குழப்பம். அவர் பக்கத்து நியாயம் எளிமையானது. கட்டாயத் தீர்ப்பு வேண்டும் என்று அடம் பிடித்தது அரசு. ஊழியர்களை அந்த வாசலுக்கு அனுப்பியதும் அரசு. தீர்ப்பு தனக்குப் பிடிக்கவில்லை என்றதும் அதை மாற்றுவதும் அரசு என்றால், தொழிலாளி யாரை நம்புவது? ஹெச்.ஆர். வேலைக்குப் போகிறவர்களுக்கு இந்தச் சம்பவம் தெரிந்திருக்க வேண்டும். ஒரு நடைமுறையை நிர்வாகமே உருவாக்கி, அதன் முடிவை நிர்வாகமே கிழித்துப் போட்டால் அடுத்த முறை யாரும் புகார்ப் பெட்டி பக்கம் வர மாட்டார்கள்.

ராஜினாமாவுக்குப் பிறகு அரசு ஒரு ஆணையம் போட்டு விசாரித்து, 1955இல் வங்கி ஊழியர்களுக்காகத் தனிச் சட்டமே கொண்டுவர வேண்டியதாயிற்று.

1957 தேர்தலில் கிரி தோற்றார். அதன்பின் உத்தரப்பிரதேசம், கேரளா, மைசூர் என்று வரிசையாக ஆளுநர் பதவிகள். 1957இல் தொடங்கிய இந்தியத் தொழிலாளர் பொருளாதாரச் சங்கத்துக்கு முதல் தலைவராகவும் இருந்தார்.

ராஷ்டிரபதி பவன்: ஜெயித்ததும் சறுக்கியதும்

1967இல் குடியரசுத் துணைத் தலைவர். 1969 மே 3ஆம் தேதி குடியரசுத் தலைவர் ஜாகிர் உசேன் காலமானதும் பொறுப்புக் குடியரசுத் தலைவர். ஜூலையில் அதையும் ராஜினாமா செய்துவிட்டு சுயேச்சையாகத் தேர்தலில் நின்றார். காங்கிரஸின் அதிகாரப்பூர்வ வேட்பாளர் நீலம் சஞ்சீவ ரெட்டி. இந்திரா காந்தியோ மனசாட்சிப்படி ஓட்டுப் போடச் சொன்னார். தமிழ்நாட்டில் கருணாநிதியின் தி.மு.க. கிரி பக்கம், காமராஜர் ரெட்டி பக்கம். முதல் சுற்று எண்ணிக்கையில் யாருக்கும் பெரும்பான்மை இல்லை. இரண்டாவது விருப்ப வாக்குகளையும் சேர்த்த பிறகு கிரி 4,20,077, ரெட்டி 4,05,427. காங்கிரஸ் கட்சி அந்த வருடமே இரண்டாகப் பிளந்தது.

தேர்தலை எதிர்த்து வழக்கு. பதவியில் இருக்கும் குடியரசுத் தலைவர் உச்ச நீதிமன்றத்தில் நேரில் ஆஜராகிச் சாட்சி சொன்ன அபூர்வம் அப்போது நடந்தது. வழக்கு தள்ளுபடியானது.

ஐந்து வருடப் பதவிக்காலத்தில் இந்திரா அரசு நீட்டிய காகிதங்களில் கையெழுத்துப் போடுகிறவர் என்ற விமர்சனம் கிரிமேல் விழுந்தது. அதற்குப் பெரிய சோதனை 1974 மே மாதம் வந்தது. நாடு முழுக்க ரயில்வே தொழிலாளர்கள் வேலைநிறுத்தம். எட்டு மணி நேர வேலை, போனஸ் உள்ளிட்ட கோரிக்கைகள். தலைமை தாங்கியவர் ஜார்ஜ் பெர்னாண்டஸ். அவர் அப்போது தலைவராக இருந்த அமைப்பு, கிரி இளமையில் கட்டிய அதே அகில இந்திய ரயில்வே தொழிலாளர் சம்மேளனம். மே 8 முதல் 27 வரை இருபது நாள். ஆயிரக்கணக்கானவர்கள் கைது செய்யப்பட்டார்கள், ரயில்வே குடியிருப்புகளிலிருந்து குடும்பங்கள் வெளியேற்றப்பட்டன. ஸ்டிரைக் நசுக்கப்பட்டது. கிரி அப்போது குடியரசுத் தலைவர். அரசியல் சாசனப்படி அமைச்சரவை சொல்வதைக் கேட்டாக வேண்டிய பதவி அது, உண்மைதான். ஆனால் 1954இல் வங்கி ஊழியர்களுக்காகப் பதவியை விட்ட மனிதர் 1974இல் தன் சொந்த ரயில்வே தொழிலாளர்களுக்காக அப்படி எதையும் செய்யவில்லை. மூன்று மாதத்தில் பதவிக்காலம் முடிந்து வெளியே வந்தார்.

1975இல் பாரத ரத்னா. 1980 ஜூன் 24ஆம் தேதி சென்னையில் காலமானார். வயது 85. மனைவி சரஸ்வதி பாய், 14 பிள்ளைகள். நொய்டாவில் இருக்கும் தேசியத் தொழிலாளர் கல்வி நிறுவனத்துக்கு 1995இல் அவர் பெயர் வைக்கப்பட்டது.

அவர் சொன்னது நடந்ததா?

பாதி நடந்தது. அதுவும் அவர் ராஜினாமா செய்த அதே வங்கித் துறையில். 1966 அக்டோபரில் வங்கி நிர்வாகங்களும் ஊழியர் சங்கங்களும் தீர்ப்பாயத்தை நம்பாமல் நேரில் உட்கார்ந்து முதல் இருதரப்பு ஒப்பந்தத்தில் கையெழுத்திட்டன. அதிலிருந்து வங்கி ஊழியர் சம்பளம் பேச்சுவார்த்தையில்தான் முடிவாகிறது. 12ஆவது ஒப்பந்தம் 2024 மார்ச் 8ஆம் தேதி கையெழுத்தானது. ஒவ்வொரு முறையும் இழுபறி, நடுவில் ஒன்றிரண்டு நாள் ஸ்டிரைக், கடைசியில் மேசைக்குத் திரும்புதல்... கிரி கேட்டது இதைத்தான்.

சங்கத்துக்கு அங்கீகாரம் என்ற விஷயமும் இப்போது சட்டத்துக்குள் வந்திருக்கிறது. 2025 நவம்பர் 21 முதல் அமலுக்கு வந்த தொழில் உறவுகள் தொகுப்புச் சட்டத்தின்படி, ஒரு நிறுவனத்தில் பல சங்கங்கள் இருந்தால் 51 சதவீதத் தொழிலாளர் ஆதரவு உள்ள சங்கம்தான் பேச்சுவார்த்தை நடத்தும் ஒரே சங்கம். அப்படி எதுவும் இல்லை என்றால் பல சங்கங்கள் சேர்ந்த ஒரு குழு. ஆனால் இதே சட்டம் எந்த நிறுவனமானாலும் வேலைநிறுத்தத்துக்கு 14 நாள் முன்னறிவிப்பு வேண்டும் என்கிறது. பேரத்தில் தொழிலாளி கையில் இருக்கும் ஒரே ஆயுதத்தை மழுங்கடித்துவிட்டு பேசச் சொல்வதா என்று சங்கங்கள் கேட்கின்றன. 1952 விவாதம் வேறு உருவத்தில் திரும்பியிருக்கிறது என்றே சொல்ல வேண்டும்.

ஆரணித் தறிக்கு இது பொருந்துமா?

ஆரணி மாணவர்களுக்கு இந்த இடத்தில் ஒரு சந்தேகம் வரும், வர வேண்டும். கிரி வழியில் பேச இரண்டு தரப்பு வேண்டும். செய்யாறு சிப்காட் தொழிற்சாலையில் அது தெளிவாக இருக்கிறது. கம்பெனி ஒரு பக்கம், மாதச் சம்பளத் தொழிலாளி ஒரு பக்கம், நடுவில் ஹெச்.ஆர். வீட்டுக் குழித்தறியில் அப்படியா? பட்டும் சரிகையும் பாவும் கொடுப்பவர் முதலாளி. நெய்பவர் வீட்டில் உட்கார்ந்து நெய்து, சேலைக்கு இவ்வளவு என்று கூலி வாங்குகிறார். பல வீடுகளில் முன்பணமும் வாங்கியிருப்பார்கள், அது தீரும்வரை வேறு முதலாளியிடம் போக முடியாது. தார் சுற்றும் மனைவியின் உழைப்பும் அந்த ஒரே கூலிக்குள் அடங்கிவிடும். சட்டத்தின் கண்ணில் அவர் பெரும்பாலும் சுயதொழில் செய்பவர். நல அலுவலர் அந்த வீட்டுப் படி ஏறுவதில்லை. கூட்டுறவு சங்கத்தில் உறுப்பினராக இருக்கும் நெசவாளிக்காவது கூலி உயர்வைப் பற்றிக் கேட்க ஒரு பொதுக்குழு இருக்கிறது. தனியாரிடம் நெய்பவர் தனியாகத்தான் கேட்டாக வேண்டும்.

இத்தனைக்கும் குடிசைத் தொழில் கிரிக்குப் பிடித்தமான விஷயம். வேலையில்லாத் திண்டாட்டம் பற்றி எழுதிய புத்தகத்திலும், குடியரசுத் தலைவராகப் பேசிய பல மேடைகளிலும், வீட்டுக்கு வீடு ஒரு சிறுதொழில் வேண்டும் என்பதை விடாமல் வலியுறுத்தினார். அந்தத் தொழில் செய்பவர் கூலிப் பேச்சுக்கு யாருடன், எந்த மேசையில் உட்காருவார் என்பதைப் பற்றி, ரயில்வேக்கும் வங்கிக்கும் யோசித்த அளவு அவர் யோசித்ததாகத் தெரியவில்லை. ஹெச்.ஆர். சிலபஸும் இன்றைக்கு வரை அந்தப் பக்கம் பெரிதாகத் திரும்பவில்லை. தறி வீட்டிலிருந்து வந்து அந்தப் பாடத்தைப் படிக்கிற மாணவர்கள் புராஜெக்ட்டுக்குத் தலைப்பு தேடி வேறெங்கும் அலைய வேண்டியதில்லை.

தேர்வுக்குத் தயாராகிறவர்களுக்கு ஒரு தகவல். 'காந்திய அணுகுமுறை'யும் 'கிரி அணுகுமுறை'யும் ஒரே யூனிட்டில் அடுத்தடுத்து வருவதால் பலர் குழப்பிக்கொள்கிறார்கள். முதலாளி தன் சொத்துக்குத் தர்மகர்த்தாவாக நடந்துகொள்ள வேண்டும் என்பதில் தொடங்குவது காந்தியுடையது. கிரியுடையது முதலாளியின் நல்ல மனதை நம்பி நிற்பதில்லை, பலமான சங்கம் எதிரே உட்கார வேண்டும் என்பதில்தான் தொடங்குகிறது. 1958இல் ஜான் டன்லப் எழுதிய 'அமைப்பு அணுகுமுறை' இரண்டிலிருந்தும் வேறானது. தொழிலாளர், நிர்வாகம், அரசு என்று மூன்று தரப்பையும் சேர்த்துப் பார்ப்பது அது.